சிலைடில் சிக்கிய கஸ்டம் கார்: அடையாளம் காண ஒரு வழிகாட்டி

ஏலத்தில் வாங்கிய சிலைடு (அட்டைச் சட்டத்தில் பொருத்திய கலர் ஃபிலிம் துண்டு) பெட்டியைத் திறந்தால் குடும்பப் படங்களுக்கு நடுவே எந்த ஷோரூமிலும் விற்றிருக்க முடியாத ஒரு கார் நிற்கும். கூரை நெற்றியை அழுத்துகிற மாதிரி தாழ்ந்திருக்கும், கதவில் கைப்பிடி இருக்காது, பின்பக்கம் தரையோடு உரசும். படத்தை இணையத்தில் போட்டுத் தேடினால் ஃபோர்டு கம்பெனியின் "மெர்குரி" கார் என்று பதில் வரும். அது சரியாகவும் இருக்கலாம், வட்டமான பழைய கார் எதுவாக இருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும்.

1940களின் நடுவிலிருந்து 1960களின் தொடக்கம் வரை அமெரிக்க டிங்கரிங் பட்டறைகளில் வெட்டி ஒட்டி உருமாற்றிய கார்களுக்கான, அதாவது கஸ்டம் கார்களுக்கான, வழிகாட்டி இது. எந்தக் காரை வெட்டினார்கள், படம் எப்போது எடுத்தது, எந்தப் பட்டறையின் வேலை என்று மூன்று கேள்விகள் உண்டு. இந்த வரிசையிலேயே போங்கள். பட்டறையின் பெயரில் ஆரம்பிப்பவர்கள்தான் மாதக்கணக்கில் சுற்றுகிறார்கள்.

1. ஸ்கேன் செய்யும் முன் அட்டைச் சட்டத்தைப் படியுங்கள்

சிலைடின் அட்டைச் சட்டத்தை இரண்டு பக்கமும் போனில் படமெடுத்து வையுங்கள். 1950களின் பிற்பகுதியிலிருந்து வந்த பல கோடாக்ரோம் (கோடாக் கம்பெனியின் சிலைடு ஃபிலிம்) சட்டங்களில் கழுவிய மாதமும் ஆண்டும் பதிந்திருக்கும். மையில்லாமல் அழுத்திய முத்திரை நேர் வெளிச்சத்தில் தெரியாது, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். கோடாகலர் காகிதப் படமாக இருந்தால் பின்பக்கம் எந்த வாரம் அச்சானது என்ற முத்திரையோ, வெள்ளை ஓரத்தில் மாதமும் ஆண்டுமோ இருக்கும்.

இங்கே பலர் ஏமாறுவார்கள். அந்தத் தேதி ஃபிலிம் கழுவிய தேதி, ஷட்டர் அழுத்திய தேதி அல்ல. ஒரே ரோலில் இரண்டு கிறிஸ்துமஸ் இருப்பது அந்தக் காலத்தில் சகஜம். காகிதப் படம் என்றால் பிறகு போட்ட மறுபிரதியாகவும் இருக்கலாம். முத்திரைத் தேதிக்குப் பின்னால் படம் எடுத்திருக்க முடியாது, அதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

சட்டத்தில் வரிசை எண் இருந்தால் பக்கத்து எண் சிலைடுகளையும் எடுத்து வையுங்கள். கார் படத்தில் இல்லாத கடைப் பலகை அடுத்த படத்தில் இருக்கலாம். ஒரே அட்டையில் ஏறக்குறையச் சதுரமான இரண்டு படங்கள் இருந்தால் அது ஸ்டீரியோ சிலைடு. 1947-ல் வந்த ஸ்டீரியோ ரியலிஸ்ட் கேமராவுக்குப் பிறகு இவை நிறைய. பிரிக்கவே பிரிக்காதீர்கள். இரண்டு கண்ணுக்குமான படம் சேர்ந்திருந்தால்தான் விளக்கு எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது, கூரை எங்கே வளைகிறது என்று ஆழத்தோடு பார்க்க முடியும்.

2. ஸ்கேன்

35 மி.மீ. சிலைடை 4000 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 4000 புள்ளி) ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 5670 × 3780 பிக்சல் வரும், 48 பிட் டிஃப் கோப்பு 128 எம்பி பிடிக்கும். நம்பர் பிளேட்டின் ஓரத்தில் இருக்கும் ஆண்டுத் தகட்டைப் படிக்க இது வேண்டும். பிளாட்பெட் ஸ்கேனர் பெட்டியில் 6400 என்று போட்டிருக்கும், உண்மையில் கிடைக்கும் விவரம் அதில் பாதிகூட இருக்காது. மேக்ரோ லென்ஸ் வைத்திருப்பவர்கள் நல்ல வெள்ளை எல்இடி பலகை மேல் சிலைடை வைத்து, எஃப்/8-ல், கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி எடுத்தாலே போதும்.

கடையில் கொடுத்தால் சிலைடு ஒன்றுக்கு இவ்வளவு என்று கேட்பார்கள், டிபிஐ ஏற ஏற விலை ஏறும். முழுப் பெட்டியையும் கொடுக்காதீர்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் லென்ஸ்) ஒன்று வாங்கி, கார் இருப்பதையும் அதன் பக்கத்து எண்களையும் மட்டும் பொறுக்கிக் கொடுங்கள். கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, அகச்சிவப்புத் தூசி நீக்கத்தை அணைத்துவிட வேண்டும். கோடாக்ரோமில் அது நல்ல விவரத்தையும் தூசி என்று நினைத்து அழிக்கும், குரோம் பட்டைகளின் விளிம்புதான் முதலில் போகும். இரண்டு, "கலர் கரெக்‌ஷன்" எதுவும் வேண்டாம்.

3. படம் திரும்பியிருக்கிறதா?

சிலைடைத் தலைகீழாகப் போட்டால் கண்ணுக்கே தெரியும். இடம் வலம் மாறிப் போட்டால் தெரியாது, ஆனால் பெட்ரோல் மூடி, ஆன்டெனா என்று ஒவ்வொன்றும் தவறான பக்கத்தில் நிற்கும், அதை வைத்து வேறு காரைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். அமெரிக்கக் காரை முன்னாலிருந்து எடுத்த படத்தில் ஸ்டியரிங் உங்கள் வலக்கைப் பக்கம் தெரிய வேண்டும். பக்கத்தில் ஆண் யாராவது நின்றால் சட்டைப்பை அவருடைய இடது மார்பில் இருக்க வேண்டும். கோடாக்ரோமில் பளபளப்பில்லாமல் லேசாகப் புடைத்துத் தெரியும் பக்கம்தான் மருந்துப் பக்கம். அது உங்கள் பக்கம் இருந்தால் படம் திரும்பித் தெரிகிறது.

4. பட்டறை தொடாத இடங்களைப் பாருங்கள்

முகத்தைப் பார்த்துக் காரின் பெயரைச் சொல்லாதீர்கள். கிரில், ஹெட்லைட், பம்பர், வீல் கேப், பக்கப் பட்டை, டெயில் லேம்ப் எல்லாம் ஒரு வாரயிறுதியில் மாறக்கூடியவை, கஸ்டம் காரில் முதலில் போவதும் அவைதான். பட்டறைக்காரர் தொடத் தயங்கும் இடங்கள் வேறு: முன்கண்ணாடி, அதன் அடியில் இருக்கும் தகடான கவுல், டேஷ்போர்டு, கதவின் வெட்டுக்கோடு, சக்கரங்களுக்கு இடையிலான தூரம். கூரையை நான்கு அங்குலம் வெட்டி இறக்கியவர்கூட டேஷ்போர்டை அப்படியே விட்டிருப்பார். அதனால் படத்தில் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பாருங்கள்.

அதிகம் வெட்டுப்பட்ட கார்களை வைத்தே பார்ப்போம்.

1949–51 மெர்குரி: ஜன்னலுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுத் தோள்கோடு கதவைத் தாண்டிப் பின்னோக்கி மெல்லச் சரியும். முன்கண்ணாடி நடுவில் பிரிந்த இரட்டை. மூன்று ஆண்டுகளையும் பிரிக்கப் பின்பக்கம் பாருங்கள். 1951-ல் பின் ஃபெண்டர் நீண்டு நிமிர்ந்து முடியும், விளக்கு செங்குத்தாக நிற்கும், பின்கண்ணாடியும் பெரிது. 1949-ஐ 1950-லிருந்து பிரிக்க டேஷ்போர்டு உதவும், 1950-ல் அது புதிதாக மாறியது. இன்னொரு குறிப்பு: இந்த மூன்று ஆண்டுகளிலும் மெர்குரி தூணில்லாத ஹார்ட்டாப்பை விற்கவில்லை. கதவுக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே தூண் இல்லாமல் தெரிந்தால் அது பட்டறை வேலை. பேர்பெற்ற கஸ்டம் காரரான ஜார்ஜ் பேரிஸின் பட்டறை பாப் ஹிரோஹாடா என்பவருக்காக மாற்றிய 1951 மெர்குரி அப்படிப்பட்டதுதான்.

இதில் ஒரு பள்ளம் உண்டு. அதே ஆண்டுகளின் சின்ன லிங்கன் கார், மெர்குரியின் கூட்டையே பகிர்ந்துகொண்டது. முகத்தை மாற்றிவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். லிங்கனின் சக்கர இடைவெளி 121 அங்குலம், மெர்குரியுடையது 118.

1949–51 ஃபோர்டு: பக்கம் தட்டையான பெட்டி, தோள்கோடு நேர். கிரில் நடுவில் ஒரே உருண்டை இருந்தால் 1949 அல்லது 1950, இரண்டு இருந்தால் 1951. கிரில்லே இல்லையென்றால் பெட்ரோல் மூடியைத் தேடுங்கள். வெளியே தெரிகிற மூடி என்றால் 1949, சின்னக் கதவுக்குள் ஒளிந்தால் அதற்குப் பிறகு.

1949–52 ஷெவர்லே: பின் ஃபெண்டர் தனியாகப் புடைத்து நிற்கும். மெர்குரி என்று தவறாகச் சொல்லப்படும் வெட்டிய கார்களில் இதுதான் அதிகம். பின்சக்கரத்துக்கு மேல் தனிப் புடைப்பு தெரிந்தாலே ஃபோர்டு குடும்பத்தை (ஃபோர்டு, மெர்குரி, லிங்கன்) விட்டுவிட்டு, ஷெவர்லேயின் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் பக்கம் போங்கள்.

அளந்தும் பார்க்கலாம், படம் சரியாகப் பக்கவாட்டில் எடுத்ததாக இருந்தால் மட்டும். டயரின் உயரத்தையும் இரண்டு சக்கர மையங்களின் தூரத்தையும் பிக்சலில் அளந்து வகுங்கள். டயர் 410, தூரம் 1720 என்றால் விகிதம் 4.195. 15 அங்குல வீலில் அந்தக் காலத்து டயர் சுமார் 28 அங்குல உயரம் என்று வைத்தால் 117.5 அங்குலம் வருகிறது. உடனே "மெர்குரி 118!" என்று குதிக்காதீர்கள். டயர் உயரத்தில் அரை அங்குலம் தப்பினால் விடையில் இரண்டு அங்குலம் தப்பும். ஃபோர்டு 114, ஷெவர்லே 115, இவை இரண்டையும் இந்தக் கணக்கு பிரிக்காது. 126 அங்குல கேடிலாக் 62-ஐயும் ஃபோர்டையும் பிரித்துவிடும். அதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். பின்சக்கரத்தை மூடும் ஸ்கர்ட் இருந்தால் மையமே தெரியாது, அளவை மறந்துவிடுங்கள்.

சில பட்டறைகள் பிரிந்த முன்கண்ணாடியைக் கழற்றி வேறு காரின் ஒற்றைக் கண்ணாடியைப் பொருத்தியதும் உண்டு. ஒரே ஒரு தடயத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று தடயங்களாவது பொருந்தட்டும்.

5. ஒட்டுப் பாகங்கள் காரின் பெயரைச் சொல்லாது, தேதியைச் சொல்லும்

மற்ற கார்களிலிருந்து பிடுங்கி மாட்டிய பாகங்களைத் தனியாகப் பட்டியல் போடுங்கள். அதில் எது ஆகப் புதியதோ, படம் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. அடிக்கடி வருபவை இவை.

மூன்று இறக்கை வைத்த வீல் கேப் என்றால் ஓல்ட்ஸ்மொபில் ஃபியெஸ்டா, 1953-ல் வந்தது. நான்கு முனைச் சுழலி வைத்தது என்றால் டாட்ஜ் லான்சர், 1950களின் பிற்பாதி. வழவழவென்று கவிழ்த்த தொப்பி மாதிரி இருந்தால் கேடிலாக் சோம்ப்ரேரோ, இது 1940களின் கடைசியிலேயே உண்டு. இரண்டு இரண்டாக நான்கு ஹெட்லைட் என்றால் 1957-க்கு முன் யோசிக்கவே வேண்டாம். 1958-ல்தான் அது எல்லாக் கம்பெனிக்கும் பரவியது. தோட்டா வடிவச் சிவப்பு விளக்கு இரட்டையாக இருந்தால் 1959 கேடிலாக்.

கிரில்லில் பல் பல்லாகத் தெரிவது பெரும்பாலும் டிசோட்டோ காரிலிருந்து எடுத்தது. பல்லை எண்ணி ஆண்டைச் சொல்ல முயலாதீர்கள். வேண்டிய அளவுக்குப் பிடுங்கியும் சேர்த்தும் மாட்டியிருப்பார்கள். முன்கண்ணாடித் தூண் அருகே நீளமான ஸ்பாட் விளக்கு இருந்தால் ஆப்பிள்டன் பிராண்டு, அல்லது அதைப் போலவே செய்த போலி. தேதிக்கு இரண்டும் உதவாது.

டயரின் வெள்ளைப் பட்டையைக் கவனியுங்கள். அகலமான பட்டை 1961 மாடல்கள் வரை வழக்கம், 1962-லிருந்து மெல்லிய பட்டை. மெல்லிய பட்டை தெரிந்தால் படம் பிந்தியது. அகலப் பட்டை இருப்பதால் மட்டும் முந்தியது ஆகாது, பழைய டயரோடு ஓட்டியவர்கள் நிறைய.

பெயிண்டும் பேசும். அடியில் வெள்ளியோ தங்கமோ அடித்து மேலே சாயம் கலந்த கண்ணாடிப் பூச்சு விட்ட கேண்டி நிறங்கள் 1950களின் நடுவில் பரவின. ஜோ பெய்லனின் கேண்டி ஆப்பிள் சிவப்பு அதில் பேர்போனது. மணல் மாதிரி மின்னும் மெட்டல்ஃபிளேக் 1960-ஐ ஒட்டி வந்தது.

6. நம்பர் பிளேட்

கலிஃபோர்னியா என்றால் உங்கள் அதிர்ஷ்டம். 1951 அடித்தகடு கறுப்பு மேல் மஞ்சள் எழுத்து, 1952 முதல் 1955 வரை மூலையில் ஆண்டுத் தகடு ஒட்டிக்கொண்டே போனார்கள். 1956-ல் மஞ்சள் மேல் கறுப்பு எழுத்து, மூன்று எழுத்து மூன்று எண். 1963-ல் மறுபடி கறுப்பு மேல் மஞ்சள், அதே மூன்றும் மூன்றும். 1960களின் கடைசியில் நீலம் மேல் மஞ்சள்.

1951 பிளேட்டையும் 1963 பிளேட்டையும் குழப்பிப் பன்னிரண்டு ஆண்டு தவறிப்போவது இந்த வேலையில் அடிக்கடி நடப்பது. நிறம் ஒன்றுதான். வரிசையைப் பாருங்கள். 1951-ல் எண்ணுக்குப் பின் ஓர் எழுத்து, அதன்பின் எண்கள். 1963-ல் மூன்று எழுத்து முதலில். தவிர, 1956-லிருந்து அமெரிக்கா முழுக்கத் தகடு 6 × 12 அங்குலமாகச் சீரானது. வேறு வடிவமாக இருந்தால் அதற்கு முந்தையது.

ஒரு சிலைடைக் கையில் எடுத்துப் பார்ப்போம். பச்சைக் கார், டிசோட்டோ பல், ஃபியெஸ்டா கேப், கறுப்பு மேல் மஞ்சள் பிளேட், மூலையில் 54 தகடு. ஃபியெஸ்டா கேப்பால் 1953-க்கு முந்தையதல்ல. தகட்டால் 1954, அல்லது புதுப்பிக்காமல் ஓட்டிய 1955-இன் முதல் சில வாரங்கள். பின்னால் நிற்கும் மரத்தில் இலை அடர்ந்திருந்தால் 1954 கோடை. காரின் பெயர் இன்னும் தெரியாது, ஆனால் எந்த ஆண்டுப் பத்திரிகையைப் புரட்ட வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

பிளேட் எண்ணைக் கொடுத்துப் பழைய உரிமையாளரின் பெயரை வாகனப் பதிவுத் துறையிடம் வாங்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஓட்டுநர் தனியுரிமைக்கு 1994-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம் அந்த வழியை அடைத்துவிட்டது.

7. நிறத்தை நம்பாதீர்கள்

கோடாக்கின் இன்னொரு சிலைடு ஃபிலிமான எக்டாக்ரோம் பழசானால் செக்கச் சிவந்துபோகும். இருட்டில் வைத்த கோடாக்ரோம் நிறத்தைக் காப்பாற்றும், ஆனால் ஸ்கேனர் அதை நீலமாக்கிவிடும். நிறத்தை நிமிர்த்த நம்பர் பிளேட்டையே அளவுகோலாக வையுங்கள், அதன் கறுப்பும் மஞ்சளும் எப்படி இருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமே. புது டயரின் வெள்ளைப் பட்டையை வெள்ளை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், கடையிலிருந்து வரும்போது அதன் மேல் நீலப் பூச்சு இருக்கும்.

நிறத்தைச் சரியாகப் பிடித்தாலும் அதை வைத்துத் தேடக் கூடாது. ஷோ கார்கள் ஒரு சீசன் முடிந்தால் அடுத்ததற்கு வேறு நிறம், சில நேரம் வேறு பெயர். அந்தக் காலப் பத்திரிகைகளின் உள்பக்கங்களும் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். கூரையின் வளைவும் பக்கப் பட்டை எங்கே முடிகிறது என்பதும் நிறம் மாறினாலும் அப்படியே நிற்கும். அவற்றைப் பென்சிலில் வரைந்து வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

8. கஸ்டம் காரே இல்லையோ?

ஐந்தாம் படி வரை எதுவும் பொருந்தாவிட்டால் அது வெட்டிய காராகவே இருக்காது. ஃபைபர் கிளாஸ் கூடு ஒன்றை வாங்கிப் பழைய சேஸிஸ் மேல் வீட்டிலேயே பொருத்திய கார்கள் 1950களில் நிறைய. கிளாஸ்பார் ஜி2, விக்ட்ரெஸ், டெவின் எல்லாம் அந்த வகை. கதவு முன் ஃபெண்டருக்குள் வழுக்கிப் போனால் 1954 கைசர் டாரின், கம்பெனியே விற்ற கார். மன்ட்ஸ் ஜெட்டும் கம்பெனி விற்ற கார்தான், அதையும் கஸ்டம் என்று எண்ணி ஏமாறுவார்கள். கம்பெனிகள் கண்காட்சிக்குச் செய்த ஒற்றைக் கனவுக் கார்களும் உண்டு. 1955 லிங்கன் ஃபியூச்சரா அப்படி வந்து, பின்னால் பேரிஸ் கையில் பேட்மேன் தொலைக்காட்சித் தொடரின் பேட்மொபில் ஆனது. அடையாளம் எளிது. கதவின் இடுக்கு எங்கும் ஒரே அகலமாக, உள்ளே சீட்டும் டேஷ்போர்டும் வெளியோடு ஒட்டி வடிவமைத்ததாகத் தெரிந்தால் கம்பெனி வேலை. வெளியே விண்கலம், உள்ளே 1940களின் ஃபோர்டு டேஷ்போர்டு என்றால் வீட்டு வேலை.

9. யார் செய்தது?

கூரை வெட்டிய மெர்குரி எல்லாவற்றையும் "பேரிஸ்" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள், பெயருக்குக் காசு. பெயரைத் தருவது படத்தில் இருக்கும் எழுத்துதான். பின்கண்ணாடியிலோ பம்பருக்கு அடியிலோ தொங்கும் கார் கிளப் தகடு, ஷோவில் காரின் முன் வைத்த பலகை, முன் ஃபெண்டரில் தாழ்வாக ஒட்டிய பட்டறைச் சின்னம் ஆகியவற்றைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

எழுத்து இல்லாவிட்டால் ஊர் உதவும். பேரிஸ் லின்வுட்டில், கில் அயாலா கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில், வேலி கஸ்டம் பர்பேங்கில், டிக் பெர்டலூச்சி சாக்ரமென்டோவில், ஜீன் வின்ஃபீல்டு மொடஸ்டோவில், அலெக்ஸாண்டர் சகோதரர்கள் டெட்ராய்ட்டில். உடலின் நடுவில் ஒரு பட்டையையே வெட்டியெடுத்து மெலிதாக்கும் செக்‌ஷனிங் வேலை சுத்தமாக இருந்தால் வேலி கஸ்டமை முதலில் பாருங்கள். இதெல்லாம் சந்தேகத்துக்கு வழி, சாட்சி அல்ல.

10. எங்கே தேடுவது, எவ்வளவு ஆகும்

இலவசமானதை முதலில் முடியுங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் குரோனிக்கிளிங் அமெரிக்கா இணையதளத்தில் 1963 வரையான செய்தித்தாள்கள் இருக்கின்றன, கலிஃபோர்னியாவுக்குத் தனி டிஜிட்டல் செய்தித்தாள் தொகுப்பு உண்டு. ஊர்ப்பெயரோடு ஆட்டோ ஷோ என்று போட்டு, தேதியை நீங்கள் கண்டுபிடித்த ஆண்டுக்கு முன்பின் ஒரு வருடமாகச் சுருக்குங்கள். கஸ்டம் என்ற சொல்லை ஆங்கிலத்தில் சி-யில் ஆரம்பித்தும் கே-யில் ஆரம்பித்தும் தேடுங்கள், ஜார்ஜ் பேரிஸ் கே-யில்தான் எழுதினார். பத்திரிகைகளில் ஹாட் ராட் 1948-லிருந்தும், ராட் அண்ட் கஸ்டம் 1953-லிருந்தும் வெளிவந்தன. படம் எடுத்துச் சில மாதம் கழித்தே அச்சாகும் என்பதால் அடுத்த ஓராண்டு இதழ்களையும் சேர்த்துப் புரட்டுங்கள். நேபிள்ஸ், ஃபுளோரிடாவில் உள்ள ரெவ்ஸ் நிறுவனத்தின் டிஜிட்டல் படத் தொகுப்பையும் ஒருமுறை பாருங்கள்.

பிறகுதான் காசு. பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் உள்ள பழங்கால வாகனக் கழகத்தின் நூலகம் கட்டணத்துக்குத் தேடித் தரும். டெட்ராய்ட் பொது நூலகத்தில் தேசிய வாகன வரலாற்றுத் தொகுப்பு இருக்கிறது. எழுதும்போது "இது என்ன கார்?" என்று மட்டும் கேட்டால் தேடும் நேரம் முழுக்க உங்கள் கணக்கில் ஏறும். "1950 மெர்குரி, 1954 கோடை, வட கலிஃபோர்னியா, பின் விளக்கு எதிலிருந்து வந்தது?" என்று கேட்டால் வேலை குறையும். ஆரம்பிக்கும் முன் மதிப்பீட்டையும் உச்சவரம்பையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று முதல் ஆறு வரையான படிகளுக்கு இரண்டு மூன்று மாலைகள் போதும், பத்திரிகை புரட்டுவது வாரக்கணக்கு.

யாருக்கு அனுப்பினாலும் வெட்டாத முழுப் படம், 2000 பிக்சல் அகலத்தில், நிறம் திருத்தாமல். கூடவே சட்டத்தின் இரண்டு பக்கப் படங்கள், பிளேட்டைப் பெரிதாக்கிய துண்டு ஒன்று. உங்கள் முடிவுகளை உறுதி, அநேகமாக, ஊகம் என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். பார்ப்பவர் எதைச் சரிபார்க்க வேண்டும் என்று தேட வேண்டியிருக்காது.

அச்சில் போடும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். சிலைடு உங்களுடையது, பதிப்புரிமை எடுத்தவருடையது. அமெரிக்கச் சட்டப்படி வெளியிடாத படத்துக்கு எடுத்தவரின் ஆயுளும் அதன்மேல் 70 ஆண்டும், எடுத்தவர் யாரென்றே தெரியாவிட்டால் எடுத்த நாளிலிருந்து 120 ஆண்டு. பெட்டி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று விற்றவரிடம் வாங்கிய அன்றே கேட்டு எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அவருக்கே நினைவிருக்காது.